கடைசி லெவலுக்குப் பிறகு: மட்டக்களப்பு, அம்பாறை விளையாட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று இந்தக் கரையோரம் முழுக்க ஒன்லைன் ரோல்பிளே விளையாட்டு ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: கதாபாத்திரம் உச்ச லெவலைத் தொட்டுவிட்டது, அதற்கு மேல் போக வழி தெரியவில்லை. ரெய்டுக்கு (பலர் சேர்ந்து செய்யும் பெரிய சண்டைக்கு) ஆள் இல்லை, பிங் (சேர்வருக்குச் செய்தி போய்வரும் நேரம்) அதிகம், நேரம் ஒத்துவராது, மாதக் காசு கட்டுபடியாகாது. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

எண்ட்கேம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

லெவல் ஏறி முடிந்த பிறகு வருகிற எல்லாவற்றையும்தான்: ரெய்டு, கடினமான டஞ்சன் (சிறு குழு புகுந்து முடிக்கும் இடம்), வாராவாரம் கூடுகிற கியர் (ஆயுதமும் கவசமும்), பெரிய குழுச் சண்டை. கில்ட் வோர்ஸ் 2 இல் உச்ச லெவல் 80. 2012 இல் விளையாட்டு வந்த நாளிலிருந்து அது கூடவேயில்லை. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் எண்ட்கேம் எங்கே தொடங்குகிறது என்று இப்படி ஒரு தெளிவான எல்லை கிடையாது, ரெய்டுகளும் பொஸ்கள் என்கிற பலமான எதிரிகளும்தான் அங்கே எண்ட்கேம்.

உள்ளே போக முடியாததற்கு என் திறமைக் குறைவுதான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. பொஸ்ஸின் தாக்குதல் முறைகளைப் படிக்க ஒரு பின்னேரம் போதும். தடுப்பது வேறு நான்கு விஷயங்கள்: எத்தனை பேர் தேவை, அவர்கள் எந்த நேரத்தில் கூடுகிறார்கள், உங்கள் லைன் எப்படி, எவ்வளவு காசு.

வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டின் வரலாறே இதற்குச் சாட்சி. 2004 இல் அது தொடங்கியபோது பெரிய ரெய்டுக்கு 40 பேர் வேண்டும். 2006 ஜூனில் வந்த நக்ஸ்ரமாஸ் ரெய்டை அந்தக் காலத்தில் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் மிகச் சிலர். அவ்வளவு உழைப்பில் செய்த இடத்தை ஆட்கள் பார்க்கவேயில்லை என்பதால் 2008 நவம்பரில் அதே ரெய்டை 10 பேருக்கும் 25 பேருக்கும் ஏற்றபடி திருப்பி வெளியிட்டார்கள். 2011 இறுதியில் தானாக ஆள் சேர்க்கும் ரெய்டு ஃபைண்டர் வந்தது. 2024 ஓகஸ்டில் வந்த டெல்வ்ஸ் என்ற சிறு டஞ்சன்களை ஒருவர் தனியாகவே செய்யலாம். 40 பேரிலிருந்து 1 ஆளுக்கு வர இருபது வருடம் பிடித்திருக்கிறது. அன்று வெளியே நின்றவர்களுக்குத் திறமை இல்லையென்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

மட்டக்களப்பிலிருந்து எந்தப் பிராந்திய சேர்வரை எடுப்பது?

கணக்கை ஆரம்பிக்கும்போதே யோசிக்க வேண்டிய கேள்வி இதுதான், ஏனென்றால் பிறகு மாற்றுவது பல விளையாட்டுகளில் காசு, சிலவற்றில் முடியவே முடியாது.

முதலில் தூரம். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீற்றர் போகும். மட்டக்களப்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,500 கி.மீ. போய்வர 25 மில்லிசெக்கன், அதற்குக் கீழே யாராலும் இறக்க ஏலாது. டோக்கியோ சுமார் 6,600 கி.மீ., ஆகவே 66. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 8,000 கி.மீ., 80. சிட்னி கிட்ட என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அது ஃபிராங்க்ஃபர்ட்டை விடக் கொஞ்சம் தூரம்.

உண்மையான பிங் இவற்றைவிட நன்றாகவே கூட இருக்கும். கிழக்குக் கரையில் வெளிநாட்டுக் கடலடிக் கேபிள் எதுவும் ஏறவில்லை. கொழும்பு, கல்கிசை, மாத்தறை என்று மேற்கிலும் தெற்கிலும்தான் ஏறுகின்றன. ஆகவே கல்முனையிலிருந்து சிங்கப்பூருக்குப் போகிற பக்கெற்றும் (தரவுத் துண்டும்) முதலில் நாட்டைக் குறுக்கே கடந்து மற்றக் கரைக்குப் போக வேண்டும். ஐரோப்பாப் பக்கம் செங்கடல் வழியாகப் போகிறது. அங்கே கேபிள்கள் 2024 தொடக்கத்திலும் 2025 செப்டெம்பரிலும் அறுந்தன. அப்படியான நாட்களில் ஐரோப்பிய சேர்வரின் பிங் திடீரென்று ஏறினால் உங்கள் ரவுட்டரைக் கழற்றிப் பூட்டுவதில் பயனில்லை.

இரண்டாவது, நேரம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் இரவு 8 மணி என்றால் இங்கே மாலை 5.30. ஜப்பானில் இரவு 9 மணியும் இங்கே 5.30 தான். ஐரோப்பாவில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ரெய்டு இங்கே கோடையில் 10.30 க்கும் குளிர்காலத்தில் 11.30 க்கும் தொடங்கி, மூன்று மணித்தியாலத்தில் சாமம் 1.30 அல்லது 2.30 க்கு முடியும். சிட்னியில் இரவு 8 என்றால் இங்கே பிற்பகல் 2.30 அல்லது 3.30, வேலைக்குப் போகிறவருக்கோ பள்ளிப் பிள்ளைக்கோ அது சரிவராது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆசியப் பக்கம்தான் இங்குள்ளவர்களுக்குப் பொருந்தும். அல்பியன் ஒன்லைனின் ஆசிய சேர்வர் 2023 மார்ச்சிலிருந்து சிங்கப்பூரில் இருக்கிறது. ஃபைனல் ஃபேன்டஸி 14 இல் ஜப்பான் பிராந்தியத்தில் எலிமென்டல் டேட்டா சென்டரில் டொன்பெரி என்ற உலகை (சேர்வரை) எடுங்கள். தென்கிழக்காசியாவிலிருந்து ஆங்கிலத்தில் கதைக்கிறவர்கள் கூடுகிற இடம் அது. கில்ட் வோர்ஸ் 2 க்கு வட அமெரிக்கா, ஐரோப்பா இரண்டுதான், ஐரோப்பாவை எடுங்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நோன்பு மாதத்தில் காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறைப் பக்கம் தராவீஹ் முடிந்து சஹருக்கு முழித்திருக்கிற பிள்ளைகளுக்கு ஐரோப்பிய ரெய்டு நேரம் சரியாகப் பொருந்தும். அந்த ஒரு மாதத்தை வைத்து வருடம் முழுவதுக்கும் சேர்வரைத் தெரிவு செய்ய வேண்டாம்.

என் பிங்கைச் சரியாக அளப்பது எப்படி?

வேகம் அளக்கும் தளங்கள் கொழும்பிலுள்ள சேர்வரை அளந்து 15 என்று காட்டும். அது விளையாட்டுக்கு உதவாது. வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டில் கீழே மெனுப் பட்டையிலுள்ள கணினிப் படத்தின் மேல் மவுஸை வைத்தால் இரண்டு எண் வரும், அதில் உலகம் என்று குறிக்கும் எண்தான் சண்டையில் பாதிக்கிறது. ரூன்ஸ்கேப்பை ரூன்லைட் என்ற நிரலில் ஆடினால் உலக மாற்றுப் பட்டியலில் ஒவ்வொரு உலகத்துக்கும் பிங் தெரியும்.

மற்ற விளையாட்டுகளுக்கு விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்ஃபோமன்ஸ் பகுதியிலிருந்து ரிசோர்ஸ் மொனிட்டருக்குப் போங்கள். நெட்வேர்க் பக்கத்தில் உங்கள் விளையாட்டுக்கு மட்டும் சரி அடையாளம் போட்டால், கீழே டிசிபி இணைப்புகளில் லேட்டன்சி என்று ஒரு நிரல் வரும். இரவு 8 மணிக்கு ஒரு தடவை, 11 மணிக்கு ஒரு தடவை பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் என்றால் உங்கள் பகுதிக் கோபுரத்தில் மாலை நெரிசல் என்று அர்த்தம்.

பிங் 90 தான் காட்டுகிறது, ஆனாலும் லேக் அடிக்கிறது. ஏன்?

சராசரியைப் பார்க்கிறீர்கள், ஆட்டத்தைக் கெடுப்பது ஏற்ற இறக்கம். எப்போதும் 180 இல் நிற்கிற லைனில் ரெய்டு செய்யலாம், கை அதற்குப் பழகிவிடும். 60 இல் நின்று திடீரென்று 400 க்குத் தாவுகிற லைனில் பழகவே முடியாது.

வீட்டில் ஒருவர் வீடியோ பார்க்கிறார், இன்னொருவரின் போன் கல்யாண வீட்டுப் படங்களை மேலேற்றுகிறது. ரவுட்டரின் வரிசையில் அந்தப் பெரிய பக்கெற்றுகள் நிற்க, உங்கள் சின்னப் பக்கெற் அவற்றுக்குப் பின்னால் காத்திருக்கிறது. பழைய கல்லடிப் பாலத்தில் லொறி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட மோட்டார் சைக்கிளின் நிலைமைதான். செய்ய வேண்டியது:

- முடிந்தால் ரவுட்டரிலிருந்து கணினிக்கு வயர். முடியாவிட்டால் வைஃபையை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.
- ரவுட்டர் அமைப்பில் கியூஓஎஸ் (எந்தப் பக்கெற்றை முதலில் விடுவது என்று ஒழுங்குபடுத்தும் வசதி) இருந்தால் மேலேற்றும் வேகத்தை உண்மையான வேகத்தின் 85 முதல் 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள். வரிசை கோபுரத்தில் தேங்காமல் உங்கள் ரவுட்டரிலேயே ஒழுங்காகும்.
- 4ஜி ரவுட்டர் என்றால் கோபுரம் இருக்கிற பக்கத்து ஜன்னலில் வையுங்கள். இரும்பு அலுமாரிக்கும் தகரக் கூரைக்கும் கிட்ட வேண்டாம்.
- போன்களில் படங்களைத் தானாக மேலேற்றும் வசதியை ரெய்டு நேரத்தில் நிறுத்திவையுங்கள். இந்த ஒன்றைச் செய்தே பலருக்குச் சரியாகிவிடுகிறது.

கட்டண விபிஎன் (இணைப்பை வேறு பாதையால் அனுப்பும் சேவை) தூரத்தைக் குறைக்காது. உங்கள் நிறுவனத்தின் பாதை சுற்றிப் போனால் மட்டும் உதவும். இலவச சோதனைக் காலத்தில் பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள்.

பிங் 200 க்கு மேல். ரெய்டு செய்யலாமா?

செய்யலாம், ஆனால் விளையாட்டு உங்களை எப்படிக் கணக்கெடுக்கிறது என்று விளங்க வேண்டும்.

ஃபைனல் ஃபேன்டஸி 14 இல் பொஸ் ஒரு தாக்குதலைத் தொடங்கும், தரையில் செம்மஞ்சள் வட்டம் வரும், தாக்குதலுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று காட்டும் காஸ்ட் பட்டை நிறையும். அடி விழுகிற அனிமேஷன் பிறகுதான் வரும், ஆனால் நீங்கள் உள்ளேயா வெளியேயா என்று சேர்வர் முடிவு செய்வது பட்டை முடிகிற கணத்தில். அந்தக் கணத்தில் சேர்வருக்குத் தெரிந்த உங்கள் இடம் கொஞ்சம் பழையது. அதனால்தான் திரையில் வெளியே நின்றவருக்கும் அடி விழுகிறது. பட்டை முடிய அரைச் செக்கனுக்கு முன்பே வெளியே நில்லுங்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு: பட்டை முடிந்துவிட்டால் அனிமேஷன் வரும்போதே நீங்கள் வட்டத்துக்குள் திரும்ப நடக்கலாம், ஒன்றும் ஆகாது. இது பிடிபட்டதும் 200 பிங்கில் வீண் சாவு பாதியாகக் குறையும்.

வேலையையும் (கதாபாத்திரத்தின் சண்டை வகையையும்) பார்த்து எடுங்கள். அந்த விளையாட்டில் இரண்டு அடிகளுக்கு நடுவே இரண்டு சின்னத் திறன்களைச் செருக வேண்டிய வேலைகள் பிங்கில் அடிபடும். மெஷினிஸ்ட், நிஞ்ஜா இரண்டும் மோசம். வைட் மேஜ், சம்மனர் அவ்வளவு பாதிக்கப்படாது. வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டில் அடுத்த திறனுக்கான விசை அழுத்தலை முன்கூட்டியே ஏற்று வைக்கிற இடைவெளி இயல்பாகவே 400 மில்லிசெக்கன். அதைக் குறைக்கச் சொல்லும் ஆலோசனைகள் குறைந்த பிங் உள்ளவர்களுக்கானவை, நீங்கள் கைவைக்க வேண்டாம். எதிரியின் மந்திரத்தை இடைமறிக்கும் பொறுப்பையும் இன்னொருவரிடம் கொடுங்கள்.

பிங் கவலையே வேண்டாம் என்றால் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். அங்கே எல்லாம் 0.6 செக்கன் துடிப்பில் நடக்கிறது. 200 மில்லிசெக்கன் பெரும்பாலும் ஒரு துடிப்புக்குள்ளேயே அடங்கிவிடும்.

குழுவே இல்லை. தனியாக எண்ட்கேம் செய்ய முடியுமா?

இன்று முடியும், பத்து வருடத்துக்கு முன் இந்த அளவுக்கு முடியாது.

வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டின் டெல்வ்ஸ் 1 முதல் 5 பேருக்கானது. படிகள் 1 முதல் 11 வரை. தனியாகப் போனால் ஒரு கணினித் துணைவர் கூட வருவார். அவரை ஹீலராக (காயம் ஆற்றுபவராக) வைத்து நீங்கள் அடிக்கிற ஆளாகப் போவது தொடக்கத்துக்கு நல்லது. வாராந்தப் பெட்டியான கிரேட் வோல்ட்டில் மூன்று வரிசை இருக்கிறது: ரெய்டு, டஞ்சன், வெளியுலகமும் டெல்வ்ஸும் சேர்ந்த வரிசை. அந்த மூன்றாவது வரிசையில் வாரத்துக்கு 2 செய்தால் ஒரு தெரிவு, 4 இல் இரண்டு, 8 இல் மூன்று. கடைசியில் ஒரு பொருளைத்தான் எடுக்கலாம், ஆனால் மூன்றிலிருந்து எடுப்பதற்கும் ஒன்றிலிருந்து எடுப்பதற்கும் வித்தியாசம் பெரிது. நாளுக்கு இரண்டு என்று நான்கு நாள் செய்தால் எட்டு முடிந்தது.

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் 2022 ஓகஸ்டில் வந்த டூம்ஸ் ஒஃப் அமாஸ்கட் எங்கள் பார்வையில் மிக நன்றாகத் திட்டமிட்ட ரெய்டு. 1 முதல் 8 பேர். எவ்வளவு கடினம் என்பதை நீங்களே ஒவ்வொரு நிபந்தனையாகக் கூட்டிக் குறைத்து அமைக்கலாம். அந்த நிபந்தனைகளின் புள்ளிகள் மொத்தம் 150 க்குக் கீழ் என்றால் தொடக்க நிலை, 150 முதல் 299 வரை சாதாரணம், 300 இலிருந்து நிபுணர் நிலை. தொடக்க நிலையில் அரிய பொருள் விழும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆகவே அங்கே பழகிவிட்டு 150 க்கு ஏறுங்கள். உள்ளே போகும் முன் ‘பினீத் கேர்ஸ்ட் சேண்ட்ஸ்’ குவெஸ்ட் முடிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் கியர் எல்லாம் சேர்த்துக்கொண்டு வாசலில் நிற்கிறவர்கள் நிறையப் பேர்.

ஃபைனல் ஃபேன்டஸி 14 இல் கதையோடு வரும் டஞ்சன்களைக் கணினித் துணைவர்களோடு செய்யலாம், ரெய்டுக்கு ஆட்கள் வேண்டும். ஆனால் சாதாரண 8 பேர் ரெய்டும் 24 பேர் அலையன்ஸ் ரெய்டும் டியூட்டி ஃபைண்டரில் தானாக நிறைந்துவிடும். யாரோடும் கதைக்கத் தேவையில்லை. முதல் தடவை வருகிற ஒருவர் இருந்தால் மற்ற எல்லோருக்கும் கூடுதல் பரிசு கிடைக்கும், ஆகவே புதியவர் என்று கூச்சப்பட வேண்டாம். உங்கள் பெயருக்குப் பக்கத்திலுள்ள முளை அடையாளத்தைக் கண்டு அவர்கள் சந்தோஷப்படுவார்கள்.

அல்பியனில் மஞ்சள் வலயம் வரை அடிபட்டு விழுந்தாலும் பொருள் போகாது. சிவப்பு, கறுப்பு வலயங்களில் செத்தால் போட்டிருப்பது எல்லாம் போகும். போனாலும் பரவாயில்லை என்கிற கியரை மட்டும் போட்டுக்கொண்டு போங்கள்.

வாரத்துக்கு ஐந்தாறு மணித்தியாலம்தான் இருக்கிறது. கியர் எப்போதாவது சேருமா?

சேரும். வாராந்த வரம்பு உங்களைப் போன்றவருக்கு நன்மையானது, ஏனென்றால் நாள் முழுக்க ஆடுகிறவரும் அதே வரம்பில்தான் நிற்கிறார். ஃபைனல் ஃபேன்டஸி 14 இல் புதிய டோம்ஸ்டோன் (கியர் வாங்குகிற விளையாட்டு நாணயம்) வாரத்துக்கு 450. உடம்புக் கவசமும் கால் கவசமும் 825 வீதம், தலை, கை, பாதம் 495 வீதம், நகைகள் 375 வீதம். ஆயுதம் தவிர எல்லாவற்றையும் இதிலேயே வாங்கினால் 4,635, அதாவது 11 வாரம். முதலில் 825 இல் கைவையுங்கள், அதில்தான் பலம் அதிகம் கூடும். வாரம் செவ்வாய் பிற்பகல் 1.30 க்குப் புதுப்பிக்கும், நாளாந்தம் இரவு 8.30 க்கு. வேலையால் வந்து 8 மணிக்கு ஒரு ரூலெட் (நாளாந்தப் பரிசுக்காகச் செய்கிற, எது வரும் என்று தெரியாத டஞ்சன்), 8.30 தாண்டி இன்னொன்று செய்தால் ஒரே இருப்பில் இரண்டு நாள் பரிசு.

கில்ட் வோர்ஸ் 2 இல் இந்த ஓட்டமே இல்லை. எக்ஸோட்டிக் கியருக்கும் அதற்கு மேல்தரமான அசெண்டட் கியருக்கும் இடையே பலத்தில் வித்தியாசம் 5 சதவீத அளவுதான். எக்ஸோட்டிக்கோடு ரெய்டு செய்யலாம். உயர்ந்த ஃபிராக்டலுக்கு (படிப்படியாகக் கடினமாகும் டஞ்சனுக்கு) மட்டும் அகொனி என்ற பாதிப்புக்கு எதிர்ப்பு வேண்டும் என்பதால் அசெண்டட் கட்டாயமாகிறது. அங்கே நாள் காலை 5.30 க்கும் வாரம் திங்கள் பிற்பகல் 1 மணிக்கும் புதுப்பிக்கும்.

மாதக் காசு கட்ட முடியாது. என்ன வழி?

14.99 டொலர் மாதச் சந்தா, டொலர் 300 ரூபாய் என்று வைத்தால், 4,500 ரூபாய். ஒரு வீட்டின் நெட் பில்லை விட அதிகம். ஆகவே சந்தா இல்லாத வழியை முதலில் பாருங்கள்.

ஃபைனல் ஃபேன்டஸி 14 இன் இலவச சோதனைக்குக் கால எல்லை இல்லை, 2023 ஒக்டோபரிலிருந்து லெவல் 70 வரை போகலாம். ஒமேகா போன்ற அந்தக் கால ரெய்டுகளும் அதில் அடக்கம். கில் (விளையாட்டுக் காசு) 3 லட்சத்துக்கு மேல் வைத்திருக்க ஏலாது, சந்தைப் பலகை கிடையாது, பார்ட்டியை (குழுவை) தொடங்க ஏலாது, அழைத்தால் சேரலாம். இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரு தடவை காசு கட்டி முழு விளையாட்டுக்கு மாறிய கணக்கு திரும்ப சோதனைக்கு வராது, ஆகவே அவசரப்பட வேண்டாம். ஸ்டீமில் வாங்கத் தொடங்கினால் விரிவாக்கங்களையும் ஸ்டீமிலேயே வாங்க வேண்டும். கடை மாறி வாங்கியது வேலை செய்யாது.

கில்ட் வோர்ஸ் 2 இன் அடிப்படை விளையாட்டு 2015 இலிருந்து இலவசம், விரிவாக்கம் ஒரு தடவைக் காசு. ரெய்டுக்கு விரிவாக்கம் தேவை. ரூன்ஸ்கேப்பில் தங்கம் கொடுத்து பொண்ட் வாங்கினால் 14 நாள் உறுப்புரிமை, வோர்கிராஃப்ட் டோக்கனில் 30 நாள். வங்கி அட்டையில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு பெரும்பாலும் மூடியே இருக்கும், வங்கி செயலியில் அதைத் திறந்துவிட்டு முயலுங்கள். வெளியாரிடம் தங்கம் வாங்குவதும் கணக்கை இன்னொருவரிடம் கொடுத்து ஆடச் சொல்வதும் வேண்டவே வேண்டாம். கணக்கே போய்விடும்.

ஃபைனல் ஃபேன்டஸிக்கு 140 ஜிபி இடம் கேட்கிறது. டேட்டாவுக்கு எங்கே போவது?

ஏற்கெனவே போட்டிருக்கிற நண்பரிடம் வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டு போங்கள். வோர்கிராஃப்ட், ஃபைனல் ஃபேன்டஸி 14 இரண்டிலும் முழுக் கோப்புறையைப் பிரதி செய்து, உங்கள் லோஞ்சரில் அந்த இடத்தைக் காட்டினால் குறைகிறதை மட்டும் இறக்கும். கில்ட் வோர்ஸ் 2 இல் எல்லாம் ஒரே பெரிய டேட் கோப்பில் இருக்கிறது, அதையும் நிரலையும் எடுத்தால் காணும். ஹார்ட் டிஸ்க் எஃப்ஏடி32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபட்டுக்கு மாற்றுங்கள். ஒரே வீட்டில் இரண்டு கணினி என்றால் ஸ்டீம் உள்வலையிலேயே மாற்றித் தரும். மிச்சமுள்ள பேட்ச்சுகளுக்கு இரவு டேட்டாவைப் பயன்படுத்துங்கள்.

விளையாடுவதற்கு அதிகம் தேவையில்லை. டிஸ்கோர்ட் குரல் இயல்பான 64 கிலோபிட்டில் ஒருவர் விடாமல் கதைத்தாலும் மணிக்கு ஏறத்தாழ 29 எம்பி. திரையைப் பகிர்ந்தால்தான் டேட்டா பறக்கும்.

பார்ட்டி ஃபைண்டரில் (குழுவுக்கு ஆள் தேடும் பட்டியலில்) அனுபவம் கேட்கிறார்கள். அனுபவம் எப்படி வரும்?

மற்றவர் போட்ட பட்டியலில் காத்திருக்காமல் நீங்களே பட்டியல் போடுங்கள். ஃபைனல் ஃபேன்டஸி 14 இல் நோக்கம் என்ற இடத்தில் பயிற்சி, முடித்தல், பொருள் என்று மூன்று இருக்கிறது. பயிற்சியை எடுத்து, எந்தக் கட்டம் வரை பார்த்திருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பொய்யாக முடித்தல் குழுவுக்குள் போய் மாட்டிக்கொள்வதால்தான் பெரும்பாலான சண்டை வருகிறது.

அதைவிட நல்லது ஊரிலேயே எட்டுப் பேர். இரண்டு டாங்க் (அடியைத் தாங்குபவர்), இரண்டு ஹீலர், நான்கு டிபிஎஸ் (அடிப்பவர்), மேலதிகமாக இரண்டு பேர். வாரம் இரண்டு இரவு, இரண்டு மணித்தியாலம், அதற்கு மேல் வேண்டாம். வெள்ளியும் ரியூஷன் இருக்கிற சனி, ஞாயிறு காலையும் தவிர்த்துப் பாருங்கள். அம்பாறைப் பக்கம் வேளாண்மை வெட்டுக் காலத்தில் இரண்டு பேராவது வர மாட்டார்கள், மேலதிக ஆட்கள் அதற்குத்தான். கட்டளைகளை ஒரே சொல்லில் வையுங்கள்: சேரு, பிரி, உள்ளே, வெளியே, பின்னால். பொஸ் திரும்புகிற நேரத்தில் நீண்ட வசனம் யார் காதிலும் ஏறாது.

எல்லோரும் விழுந்ததும் கடைசியில் யார் விழுந்தார் என்று பார்க்காதீர்கள். முதலில் யார், எந்த அடியில் விழுந்தார் என்று பாருங்கள், மற்றதெல்லாம் அதன் விளைவு. ஆளைக் குறை சொல்லாமல் அந்த அடியைப் பற்றிக் கதையுங்கள்.

மைக்கில் கதைக்க விருப்பமில்லை. ரெய்டில் சேர்ப்பார்களா?

கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று பல குழுக்கள் சொல்லும். சேரும்போதே சொல்லிவிடுங்கள். தன் குரலை அந்நியருக்குக் கேட்க விடாமல் இருப்பது, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, முழு உரிமை. அதற்குக் காரணம் கேட்கிற குழுவில் இருக்க வேண்டாம்.

பார்வை, காது கேட்டல், கை அசைவில் சிரமம் உள்ளவர்கள்?

நிறம் பிரித்தறிய முடியாவிட்டால் விளையாட்டுக்குள் உள்ள நிறக்குருடு அமைப்பை முதலில் பாருங்கள். போதாவிட்டால் விண்டோஸ் அமைப்பில் நிற வடிகட்டியைத் திறந்து குறுக்கு விசையை அனுமதித்தால், விண்டோஸ், கன்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்தி எப்போதும் மாற்றலாம்.

மற்றவர்களின் மந்திர ஒளியைக் குறைப்பது கண்ணுக்கும் பழைய கணினிக்கும் ஒரே மருந்து. ஃபைனல் ஃபேன்டஸி 14 இல் போர் ஒளியை உங்களுக்கு முழுவதும், பார்ட்டிக்குக் கொஞ்சம், மற்றவர்களுக்கு இல்லை என்று வையுங்கள். 24 பேர் சண்டையில் தரை வட்டம் அப்போதுதான் தெரியும்.

கை விஷயம். ரூன்ஸ்கேப்பை மவுஸ் மட்டும் வைத்து ஒரு கையால் ஆடலாம். வோர்கிராஃப்டில் 2025 ஜூனிலிருந்து ஒரே விசையை அழுத்த அடுத்த சரியான திறனைத் தானே தருகிற உதவி இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தாமதம் சேர்வதால் உச்ச அடி வராது, டெல்வ்ஸுக்கும் சாதாரண ரெய்டுக்கும் தாராளமாகக் காணும். விசையை அழுத்திப் பிடிக்க முடியாதவர்கள் விண்டோஸின் ஸ்டிக்கி கீஸைப் போடுங்கள். ஃபைனல் ஃபேன்டஸியில் மக்ரோவில் (ஒரே விசையில் எழுதிவைக்கும் கட்டளைத் தொடரில்) அடிகளைக் கோர்த்து விசையைக் குறைக்க நினைக்க வேண்டாம், மக்ரோ அடுத்த அடிக்காக வரிசையில் நிற்காது, ஒவ்வொரு அடியிலும் நேரம் போகும். கொன்ட்ரோலர் எடுங்கள், அதற்கான குறுக்குப் பட்டை மிக நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது.

காது கேளாதவர் குழுவில் இருந்தால் குரல் கட்டளையை மட்டும் நம்பாதீர்கள். நிற்க வேண்டிய இடங்களுக்குத் தரையில் அடையாளம் வைத்து, சண்டைக்கு முன்னரே எழுத்தில் பங்கிடுங்கள். இதனால் எல்லோருக்கும் குழப்பம் குறையும்.

இப்படி எல்லோரும் வரலாம் என்றால் மேல்நிலை ரெய்டுக்கு மதிப்பு இருக்குமா?

இருக்கும். வோர்கிராஃப்டின் உச்சமான மித்திக் ரெய்டு இன்னும் 20 பேர்தான், ஃபைனல் ஃபேன்டஸி 14 இன் உச்சமான அல்டிமேட் இன்னும் 8 பேர்தான், அங்கே யாரும் ஒரு அடியையும் மெதுவாக்கவில்லை. கீழே ஒரு படி சேர்ப்பது மேல்படியை அசைக்காது. இடத்தையும் கதையையும் பார்க்கிற உரிமை எல்லோருக்கும், உச்சப் பரிசு உச்சக் கடினத்துக்கு. இந்தப் பிரிப்பை விளையாட்டுகள் கைவிடக் கூடாது என்றுதான் சொல்வோம்.

ரெய்டு நடுவில் கரண்ட் போனால்?

ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று பூட்டுங்கள், முதலில் அடப்டரில் வோல்ட்டும் அம்பியரும் பார்த்து வாங்குங்கள். மடிக்கணினிக்குப் பற்றரி இருக்கும். மார்கழி மழையில் இடி இடித்தால் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், ரெய்டு அடுத்த வாரமும் இருக்கும்.

ஏ.எல் பரீட்சைக்காக ஆறு மாதம் விட்டால் எல்லாம் போய்விடுமா?

விளையாட்டைப் பொறுத்தது. கில்ட் வோர்ஸ் 2 இல் கியர் அப்படியே இருக்கும், ரூன்ஸ்கேப்பிலும் ஒன்றும் போகாது. வோர்கிராஃப்டில் சீசன் மாறி உங்கள் கியர் பின்தங்கும், டெல்வ்ஸில் சில வாரத்தில் பிடித்துவிடலாம். ஃபைனல் ஃபேன்டஸி 14 இல் கியர் இருக்கும், ஆனால் வீடு வைத்திருப்பவர் 45 நாள் அதற்குள் காலடி வைக்காவிட்டால் வீடு இடிக்கப்படும். படிக்கப் போகும் முன் சாமான்களை எடுத்துவைத்துவிட்டு வீட்டை விடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் சந்தாவையும் அன்றே நிறுத்துங்கள்.